குழல்மீன்: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறேன். கப்பி, மோலி, ஃபைட்டர், தங்கமீன் என எல்லாமே நன்னீர் மீன்கள்தான். ஆனால் படித்தது விலங்கியல், மனசு கிடப்பது கடலில். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு குழல்மீன் படம் மாட்டியிருக்கிறேன். பவளப்பாறையின் ஓரத்தில் ஒரு குச்சியைப் போலக் கிடக்கிற, உடம்பெல்லாம் கோடு கிறுக்கிய மீன். தொட்டி வாங்க வருகிற பிள்ளைகள் தொட்டியை விட்டுவிட்டு அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிடுகிறார்கள். கூட வருகிற பெரியவர்களும்தான். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், நிதானமாக ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இது பாம்பா, மீனா?

மீன்தான். செவுள் உண்டு, துடுப்பு உண்டு. பார்ப்பதற்குப் பாம்புக்குட்டி மாதிரி இருந்தாலும் தொட்டால் கை உடனே வித்தியாசம் சொல்லிவிடும். பாம்பு வழவழப்பு, இது விறைப்பு. செதிலுக்குப் பதிலாக எலும்பு வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒரு முருங்கைப் பிஞ்சை விரலால் உருட்டிப் பாருங்கள், நீளவாக்கில் முகடு முகடாகத் தட்டுப்படும் இல்லையா? அதோடு மூங்கில் கணு போலக் குறுக்கு வளையங்களையும் சேர்த்துக்கொண்டால் குழல்மீனின் உடம்பு வந்துவிடும்.

விஷம் கிடையாது, கடிக்கவும் முடியாது. வாயில் பல்லே இல்லை.

குழல்மீன் என்று ஏன் பேர்? மீன் கடையில் விற்கிற முரலும் இதுவும் ஒன்றா?

இல்லை. முரலுக்கு ஊசி மாதிரி நீண்ட அலகு, அது மேலும் கீழுமாகத் திறக்கும், உள்ளே கூர்மையான பற்கள் இருக்கும். குழல்மீனின் மூக்கு திறக்கவே திறக்காது. நம் பாட்டிமார் விறகடுப்பை ஊதும் ஊதாங்குழல் மாதிரி அது ஒரு மூடிய குழாய், நுனியில் மட்டும் சின்னதாக ஒரு வாய். இந்தக் குடும்பத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பேர் சிங்னாதிடே. கிரேக்கத்தில் ‘ஒட்டிய தாடைகள்’ என்று பொருள்.

என் சுவரில் இருப்பது கோரித்தோயிக்திஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. இந்தப் பேரில் ‘தலைக்கவசம்’ என்ற பொருளுள்ள சொல் ஒன்று இருக்கிறது. பவளப்பாறைக் குழல்மீன்கள் என்றால் பெரும்பாலும் நினைவுக்கு வருவது இந்தக் கூட்டம்தான். இனத்தைப் பொறுத்து 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை வளரும், தடிமன் ஒரு பென்சில் அளவுகூட இருக்காது.

கடற்குதிரைக்கு இது சொந்தமா?

ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்தில் சுமார் 300 இனங்கள் உண்டு, கடற்குதிரைகள் சுமார் 50தான். மீதியில் பெரும்பகுதி குழல்மீன்கள்தான். பேரும் புகழும் கடற்குதிரைக்குப் போய்விட்டது, ஆனால் குடும்பத்தின் மூத்த உருவம் குழல்மீன். நேராக நீந்திய குழல்மீன் போன்ற முன்னோர்களிடமிருந்துதான் நிமிர்ந்து நிற்கிற கடற்குதிரை வந்தது.

ஏன் நிமிர்ந்தது என்பதற்கு 2011-ல் வெளியான ஓர் ஆய்வு ஒரு விளக்கம் சொல்கிறது. கழுத்து வளைந்திருந்தால், இரையை நோக்கித் தலையைச் சொடுக்கும்போது வாய் இன்னும் கொஞ்சம் தூரம் எட்டும். கடற்குதிரை புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு ஒரே இடத்தில் காத்திருக்கிற மீன், அதற்கு அந்தக் கூடுதல் எட்டு தேவைப்பட்டது. குழல்மீன் இரையைத் தேடி ஊர்ந்து போகிறது, அதற்கு நேரான உடம்பே வசதி.

இரண்டுக்கும் இடுப்புத் துடுப்பு கிடையாது. 2016-ல் கடற்குதிரையின் மரபணுத்தொகையை முழுதாகப் படித்தபோது, மற்ற விலங்குகளில் பின்கால் உருவாக உதவுகிற டிபிஎக்ஸ்4 என்ற மரபணுவே அதில் காணாமல் போயிருந்தது தெரிந்தது. குழல்மீனிலும் அப்படியே.

இது எங்கே வாழும்?

வெதுவெதுப்பான, ஆழம் குறைந்த கடலில். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் தொடங்கி, இந்தியப் பெருங்கடல் வழியாகப் பசிபிக் தீவுகள் வரை கோரித்தோயிக்திஸ் இனங்கள் பரவியிருக்கின்றன. ‘பவளப்பாறையில் வாழும்’ என்று சொன்னால் பலர் பூத்துக் குலுங்குகிற பவளக் கிளைகளுக்கு நடுவில் இது நீந்துவதாகக் கற்பனை செய்கிறார்கள். அப்படி இல்லை. எனக்குப் பிடித்த விஷயமே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பவளப்பாறை என்பது உயிருள்ள பவளம் மட்டும் அல்ல. அலை அடித்து உடைந்த பவளத் துண்டுகள், அவற்றின் மேல் மெத்தை மாதிரி படர்கிற குட்டைப் பாசி, இடையில் மணல் திட்டு, கல்லிடுக்கு எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு பாறை. பார்க்க வருகிறவர்கள் கண்டுகொள்ளாத அந்த உடைகல் தரைதான் குழல்மீனின் வீடு. பாசி மெத்தைக்குள் கோப்பிப்பாடுகள் என்கிற, உப்புக்கல்லைவிடச் சின்ன கூனிப்பூச்சிகள் லட்சக்கணக்கில் இருக்கும். குழல்மீன் அந்தத் தரைமேல் வயிற்றை வைத்து, உடம்பை வளைத்து வளைத்து ஊர்ந்தபடி ஒவ்வொரு துண்டாக மேய்ந்துகொண்டு போகும். நீந்த வேண்டுமானால் முதுகுத் துடுப்பை மட்டும் அதிரவிடும். உடம்பு அசையாமல் மீன் மட்டும் நகர்கிற மாதிரி இருக்கும்.

அதன் உடம்பில் உள்ள பழுப்புக் கிறுக்கல்களும் கோடுகளும் இந்த உடைகல் தரையின் நிறம்தான். கிடக்கும்போது கண் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். பச்சோந்திக்கு இருப்பதுபோல ஒரு கண் ஒரு பக்கமும் மறு கண் இன்னொரு பக்கமும் தனித்தனியாக உருளும்.

இதே குடும்பத்தில் வேறு வாழ்க்கை வாழ்கிறவையும் உண்டு. டோரிராம்ஃபஸ் வகைக் குழல்மீன்கள் பாறைக் குகைகளுக்குள், இறால்களோடு தலைகீழாகக்கூடத் தொங்கியபடி இருக்கும். அதில் ஒன்று மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டியதைக் கொத்தித் தின்று சுத்தம் செய்துவிடுகிற பழக்கம் உள்ளது. நம் பாக் நீரிணைப் பக்கம் கடல்தாழை வயல்களில் சிங்னாதாய்டஸ் என்ற பச்சை நிறக் குழல்மீன் இருக்கிறது. தாழை இலை எது, மீன் எது என்று பிரித்துப் பார்ப்பதே கஷ்டம்.

ஒகேனக்கலில் கிடைக்குமா? நம் ஊர் கே.ஆர்.பி. அணையில்?

பவளப்பாறைக் குழல்மீன் கிடைக்காது. அதற்கு உப்புநீர் வேண்டும். அணையிலோ ஆற்றிலோ நீளமாக, பாம்பு மாதிரி ஒரு மீனைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் அது பெரும்பாலும் ஆரல். ஆரலுக்கு முதுகில் முள் வரிசை இருக்கும், உடம்பு வழுக்கும். இந்தக் குடும்பத்தில் நன்னீருக்கு வந்துவிட்ட சில இனங்களும் உண்டு. வடகிழக்கு இந்தியாவில் பிரம்மபுத்திராப் பக்கம் ஆற்றிலேயே வாழும் குழல்மீன் இருக்கிறது.

பல் இல்லை, வாயும் அகலாது. பிறகு எப்படிச் சாப்பிடும்?

உறிஞ்சித்தான். ஆனால் நாம் இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற மாதிரி அல்ல, உண்டிவில் மாதிரி. தலைக்குப் பின்னால் இருக்கும் தசைநாண்களை முன்கூட்டியே இழுத்து விறைப்பாக வைத்துக்கொள்ளும். இரை மூக்குக்கு மேலே நெருங்கினதும் பூட்டை விடுவிக்கும். தலை மேல்நோக்கிச் சொடுக்கும், அதே கணத்தில் குழாய் விரிந்து தண்ணீரோடு இரையை உள்ளே இழுத்துவிடும். ஒரு நொடியை நூறாகப் பிரித்தால், அந்த ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. கோப்பிப்பாடு சாதாரணப் பூச்சி அல்ல, தண்ணீரில் சின்ன அசைவு பட்டாலும் துள்ளி ஓடிவிடும். அதைப் பிடிக்க இந்த வேகம் இல்லாமல் முடியாது.

இன்னொன்று, இதற்கு இரைப்பையே இல்லை. வாயில் போனது நேராகக் குடலுக்குப் போகிறது. சேர்த்து வைத்துச் செரிக்க இடம் இல்லாததால் பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தொட்டியில் வளர்ப்பதைப் பற்றிய கேள்வியில் திரும்ப வரும்.

ஆண்தான் கர்ப்பமாகும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கடையில் இந்தக் கேள்வி வந்தால் கூட்டமே கூடிவிடுகிறது. சிரிப்பவர்களும் உண்டு. ஒரு அம்மா மட்டும் “அதுவாவது கஷ்டத்தைப் புரிஞ்சுக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடப்பது இப்படி. பெண் மீன் முட்டைகளைத் தன் உடம்பில் முதிரவைக்கும். இணை சேரும்போது இரண்டும் உடம்பை உரசி எழும்பும், பெண் தன் முட்டைகளை ஆணின் அடிப்பக்கத்தில் ஒட்டிவிடும். அங்கேயே ஆண் கருவூட்டும். அதிலிருந்து குஞ்சு வெளியே வரும்வரை பொறுப்பு முழுக்க ஆணுடையது. பெண்ணுக்குச் சுமை இல்லை.

ஆண் எங்கே சுமக்கிறது என்பதில்தான் இந்தக் குடும்பத்தின் கதையே இருக்கிறது. சில குழல்மீன்களில் முட்டைகள் வயிற்றுப் பகுதியின் வெளித்தோலில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும், மூடி எதுவும் இல்லை. கோரித்தோயிக்திஸில் வயிற்றுக்குப் பின்னால், வாலின் அடிப்பக்கத்தில் இருக்கும். அங்கே இரு பக்கமும் தோல் மடிப்பு எழுந்து முட்டைகளை அணைத்துக்கொள்ளும். கடற்குதிரையில் அது முழுக்க மூடிய பையாகிவிட்டது, மேலே சின்ன வாய் மட்டும் திறந்திருக்கும். சேலை முந்தானையில் மாங்காயை ஏந்துவது, மடியில் கட்டிக்கொள்வது, பையில் போட்டுக்கொள்வது என்கிற மாதிரி, ஒரே வேலையின் மூன்று நிலைகளை இன்றும் உயிரோடு பார்க்க முடிகிறது.

இது வெறும் தூக்கிக்கொண்டு திரிகிற வேலை என்று நினைக்காதீர்கள். பை உள்ள இனங்களில் அப்பாவின் தோல் மெத்தென்று வீங்கி, ரத்தக்குழாய்கள் பெருகி, முட்டைகளுக்கு ஆக்சிஜன் கொடுக்கிறது, உள்ளே உப்பின் அளவைச் சரியாக வைக்கிறது, சத்தும் போகிறது. மெக்சிகோ வளைகுடாவில் வாழும் ஒரு குழல்மீனை வைத்து 2010-ல் வெளியான ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பெரிய பெண் கொடுத்த முட்டைகள் அப்பாவின் பைக்குள் அதிகமாகப் பிழைக்கின்றன, சின்னப் பெண் கொடுத்தவை குறைவாகவே பிழைக்கின்றன. ஒரு தடவை நிறையச் செலவழித்து வளர்த்துவிட்டால் அடுத்த ஈட்டுக்குக் கொடுப்பது குறைகிறது. அப்பாவும் கணக்குப் பார்த்துத்தான் வளர்க்கிறது. நம் வீட்டுச் செலவு மாதிரியேதான்.

அப்படியானால் எது ஆண், எது பெண் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

இனவிருத்தியில் முட்டையைக் கொடுப்பது பெண், விந்தைக் கொடுப்பது ஆண். எந்த உயிரிலும் கணக்கு இதுதான். சுமப்பது யார் என்பது அதற்கு அப்புறம் வருகிற ஏற்பாடு.

ஜோடி பிரியாது என்கிறார்களே?

எல்லாக் குழல்மீனும் அப்படி இல்லை. சில இனங்களில் ஒரு பெண் பல ஆண்களுக்கு முட்டை கொடுக்கும். ஆனால் கோரித்தோயிக்திஸ் ஹீமடோப்டெரஸ் என்ற பவளப்பாறை இனத்தை ஜப்பானின் தென்பகுதிக் கடலில் ஆய்வாளர்கள் வருடக்கணக்கில், மீன் மீனாக அடையாளம் வைத்துக் கவனித்தார்கள். அது ஒருத்திக்கு ஒருவன் என்று வாழ்கிற மீன். ஆண், தன் குஞ்சுகள் வெளியேறியதும் மறுபடி அதே பெண்ணிடம்தான் முட்டை வாங்கிக்கொள்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அவற்றின் காலை வணக்கம். இரண்டும் ராத்திரி சேர்ந்து இருப்பதில்லை. விடிந்ததும் ஒன்றையொன்று தேடி வந்து, பக்கத்தில் பக்கத்தில் உடம்பை வளைத்து, கொஞ்ச தூரம் இணையாக நீந்தி, பிறகு பிரிந்து அவரவர் மேய்ச்சலுக்குப் போய்விடும். தினமும் இது நடக்கும். இனவிருத்திக் காலம் முடிந்து, முட்டையே இல்லாத மாதங்களிலும் அந்தச் சந்திப்பு நிற்பதில்லை. துணை இன்னும் இருக்கிறதா, எப்போது தயாராகும் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். அதுவும் சரிதான், கடலில் பிழைக்கிற மீனுக்குப் பிரயோசனம் இல்லாத பழக்கம் தங்காது.

இந்த இனத்தில் இணை சேர முந்திக்கொண்டு வருவதும் பெண்தான். அங்கே ஆண்களைவிடப் பெண்களின் எண்ணிக்கை அதிகம். காலியாக இருக்கும் ஆண்கள் அரிது, அதனால் பெண்கள்தான் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

குஞ்சு வந்த பிறகும் அப்பா பார்த்துக்கொள்ளுமா?

இல்லை. வெளியே வந்த நொடியிலிருந்து குஞ்சு தனி. நூலைவிட மெல்லிய உருவத்தில் நீரோட்டத்தில் மிதந்து போய், பிழைத்தவை வேறெங்காவது ஒரு பாறையில் இறங்கும். பெரும்பாலானவை இறங்குவதில்லை.

அண்ணா, எனக்கு ஒண்ணு வரவழைச்சுத் தர முடியுமா? காசு எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை.

தர மாட்டேன் தம்பி. வாரத்துக்கு ஒருத்தராவது கேட்கிறார்கள், எல்லோருக்கும் இதே பதில்தான்.

முதல் காரணம் சட்டம். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001-ல் கடற்குதிரைக் குடும்பம் முழுவதும், அதாவது குழல்மீன்களும் சேர்த்து, அட்டவணை 1-ல் கொண்டுவரப்பட்டன. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. பாறையைக் கட்டுகிற பவளங்களும் அதே வருடம் சேர்ந்தன. நம் கடலில் பிடிப்பது, விற்பது, காயவைத்து வைத்திருப்பது எல்லாம் குற்றம், சிறை வரை போகும்.

இரண்டாவது காரணம் மீனே. இரைப்பை இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? கடலில் பகல் முழுக்கப் பாசியை மேய்ந்த மீனுக்குத் தொட்டியில் காலையும் மாலையும் ஒரு சிட்டிகை உணவு போட்டால் அது கண்ணெதிரே இளைக்கும். அசையாத உணவைப் பெரும்பாலும் தொடவே தொடாது. உயிருள்ள பூச்சிகள் தினமும் வேண்டும். எலும்புக்கவசம் உருவத்தை அப்படியே பிடித்து வைத்திருப்பதால் மீன் பட்டினி கிடக்கிறது என்பது சீக்கிரம் தெரியவும் தெரியாது. தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

நான் படிக்கிற காலத்தில் வெளியூரில் ஒரு வியாபாரியின் தொட்டியில் இந்தக் குடும்பத்து மீன் இரண்டு இருந்ததைப் பார்த்தேன். ஒன்றின் வாலடியில் முட்டைகள் ஒட்டியிருந்தன. அடுத்த வாரம் போனபோது அந்த ஆண் மட்டும் இல்லை. மற்றது கண்ணாடி ஓரமாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்கு அந்தக் காலை வணக்கம் பற்றித் தெரியாது. பிறகு படித்தபோது முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கண்ணாடிதான்.

கல் உப்பைக் கரைத்தால் கடல்தண்ணீர் ஆகிவிடாதா?

ஆகாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும், அதில் சோடியமும் குளோரைடும் ஏறக்குறைய 85 சதவீதம். கல் உப்பு கொடுப்பது அதை மட்டும்தான். மீதி உள்ள மெக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம்தான் பவளமும் பூச்சியும் வாழ்வதற்குத் தேவை.

நம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் இன்னொரு தலைவலியும் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் கறையும் எலும்பில் வலியுமாக எத்தனை கிராமங்கள் அவதிப்பட்டன என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. நன்னீர்த் தொட்டிக்கு இந்தத் தண்ணீர் எப்படியோ ஒத்துப்போகிறது. கடல் தொட்டி வைக்கிறவர்கள் ஆர்.ஓ. தண்ணீரில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

சாப்பிடலாமா? மருந்து என்கிறார்களே?

சாப்பிட அதில் சதை இல்லை. மருந்து என்ற பேரில்தான் பெரிய ஆபத்து. சீன வைத்தியத்துக்காகக் கடற்குதிரையோடு குழல்மீனையும் காயவைத்து விற்கிறார்கள். ஆஸ்துமாவுக்கு நல்லது என்று இங்கேயும் யாராவது ஒரு காய்ந்த கடற்குதிரையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் வாங்காதீர்கள். மூச்சு முட்டுகிறவருக்கு வேண்டியது மருத்துவர் தருகிற இன்ஹேலர்.

அதை யாரும் பிடிக்காவிட்டால் பிழைத்துக்கொள்ளும்தானே?

அதை மட்டும் குறிவைத்துப் பிடிப்பவர்கள் குறைவு. அடிமட்டம் வரை துழாவுகிற இழுவலையில் இறாலோடு சேர்ந்து வந்துவிடுவதுதான் அதிகம். மண்டபம் கரையில் விசைப்படகு இறங்கியபோது ஒரு தடவை நின்று பார்த்திருக்கிறேன். நல்ல மீனைப் பிரித்த பிறகு மிஞ்சுகிற பொடிமீன் குவியலைச் சங்காயம் என்பார்கள். அது காய்ந்து, அரைபட்டு, கோழித் தீவனத்துக்குப் போகும். அந்தக் குவியலைக் கிளறினால் நண்டுக்குஞ்சு, சங்கு, கடல்தாழை இலை எல்லாம் இருக்கும். நான் பார்த்த அன்றைக்கு ஒரு விரல் நீளத்தில் குழல்மீன் ஒன்றும் இருந்தது. கோழிப்பண்ணைகள் நிறைந்த நம் மாவட்டத்துக்கும் கடலுக்கும் சம்பந்தம் இல்லை என்று அதன்பிறகு என்னால் நினைக்க முடியவில்லை.

அப்புறம் வெப்பம். கோடையின் வழக்கமான உச்சத்தைவிடக் கடல்நீர் 1 டிகிரி கூடி, அப்படியே சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தனக்குள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016-ஆம் வருடங்களில் அப்படி வெளுத்தது. வெளுத்த பவளம் இறந்து நொறுங்கினால் உடைகல் தரை கூடத்தானே செய்யும், குழல்மீனுக்கு நல்லதுதானே என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. கொஞ்ச காலத்துக்கு அப்படித் தோன்றலாம். ஆனால் அலையைத் தடுத்து நிறுத்துவது உயிருள்ள பவளம். அது போனால் துண்டுகள் உருண்டுகொண்டே இருக்கும், மேலே பாசி மெத்தை நிலைக்காது. மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் 2 தீவுகள் ஏற்கெனவே மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் சுற்றிலும் இருந்த பவளத்தை வருடக்கணக்கில் வெட்டியெடுத்தது அதற்கு முக்கியக் காரணம்.

கடலே இல்லாத ஊரிலிருந்து நாம் என்ன செய்ய முடியும்?

கடல் இல்லைதான், கடலுக்குப் போகிற தண்ணீர் இருக்கிறதே. தென்பெண்ணை நம் அணையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் கடலில் விழுகிறது. காவிரி ஒகேனக்கலில் விழுந்து பூம்புகாரில் முடிகிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் நுரை மலை மாதிரி எழுவதை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அது நம் வாசலோடு நிற்கிற நுரை அல்ல.

வெட்டியெடுத்த பவளக் கல், காய்ந்த கடற்குதிரை, தொட்டியில் போட அசல் பவளம் என்று யார் விற்றாலும் வாங்காமல் இருப்பது உடனே செய்யக்கூடியது. என் கடையில் தொட்டி அலங்காரத்துக்குப் பிசினில் செய்த பொம்மைப் பவளம் மட்டும்தான் வைத்திருக்கிறேன்.

வீட்டிலேயே ஒரு அப்பா மீனைப் பார்க்க வழி இல்லையா?

இருக்கிறது, இதைக் கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். ஃபைட்டர் மீன் ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் தண்ணீரின் மேற்பரப்பில் எச்சில் குமிழிகளால் கூடு கட்டும். பெண் போடுகிற முட்டைகள் கீழே விழவிழ அவற்றை வாயால் பிடித்துக் கூட்டில் ஒட்டும். முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை நீங்களே தனியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆண் துரத்திக் கடித்துவிடும். ஒன்றரை இரண்டு நாளில் பொரியும். குஞ்சு நழுவி விழுந்தால் மறுபடி வாயில் பிடித்து மேலே கொண்டுபோய் வைக்கும். ராத்திரியும் அதற்குத் தூக்கம் இல்லை. குஞ்சு கிடைமட்டமாக நீந்தத் தொடங்கியதும் அப்பாவையும் எடுத்துவிடுங்கள். தொட்டி சின்னதாக, தண்ணீர் அரையடி ஆழத்துக்குள், காற்று மோட்டார் இல்லாமல் இருக்கட்டும்.

தொட்டியே வேண்டாம் என்றால் மழைக்குப் பிறகு பக்கத்து ஏரிக்கரையில் நின்று பாருங்கள். செம்மஞ்சள் பொடியைத் தூவிய மாதிரி குஞ்சுக்கூட்டம் ஒன்று மேலே வந்து வந்து போனால், அதற்கு அடியில் பெரிய விரால் காவலுக்கு இருக்கிறது என்று அர்த்தம். அணையில் பிடிக்கிற ஜிலேபியில் அம்மா முட்டைகளை வாய்க்குள் வைத்துப் பொரிக்கிறது. வாயில் சுமக்கும் அம்மாவும் வாலடியில் சுமக்கும் அப்பாவும் ஒரே உலகத்து மீன்கள்தான்.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

மண்டபம். தர்மபுரியிலிருந்து சேலம், மதுரை, ராமநாதபுரம் வழியாக 400 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி பஸ் ஏறினால் காலையில் கடல் காற்று. அங்கே மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் கடல் உயிர்களின் அருங்காட்சியகமும் தொட்டிகளும் இருக்கின்றன. பிள்ளைகளோடு போகிறவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது, தீவுகளில் நம் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. குருசடைத் தீவுக்கு வனத்துறையின் படகு போவதுண்டு, அன்றைய காற்றைப் பார்த்துத்தான். ஆடிக் காற்று அடிக்கிற மாதங்களில் தெற்குப் பக்கம் கடல் கலங்கிக் கிடக்கும், ஐப்பசி மழை வந்தால் வடக்குப் பக்கம் அப்படி. மாசி, பங்குனியில் போனால் தண்ணீர் தெளிவாகக் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

படகிலிருந்து குழல்மீன் கண்ணுக்குத் தட்டுப்படும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், அது அவ்வளவு சின்னது. ஆழமில்லாத தெளிந்த நீரில், அனுமதி உள்ள இடத்தில், முகமூடி போட்டுக்கொண்டு மிதக்கக் கிடைத்தால் வண்ண வண்ண மீன்களின் பின்னால் போகாதீர்கள். பாசி படிந்த உடைகல் தரை ஒரு முழம் அளவுக்குத் தேர்ந்தெடுத்து, அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருங்கள். முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் இருக்காது. பிறகு கிடக்கிற குச்சிகளில் ஒன்றுக்கு மட்டும் கண் உருளும்.